தடை அல்ல, அளவே நிலைக்கும்

மேல்பட்டாம்பாக்கத்தை அடுத்த நெல்லிக்குப்பத்தில் சர்க்கரை ஆலை 1840களிலேயே வந்துவிட்டது. சற்றுத் தள்ளிப் பண்ருட்டியில் பலாவும் முந்திரியும். வழியெங்கும் கரும்பும் நெல்லும். இப்படிப்பட்ட மண்ணில், இரத்தத்தில் சர்க்கரை ஏறியவரிடம் ‘சோற்றையே விட்டுவிடு, பலாச்சுளையைத் தொடாதே’ என்று சொல்வது எளிது. ஆனால் வீட்டில் எல்லோரும் சாப்பிடுவதை ஒருவர் மட்டும் எத்தனை மாதம் ஒதுக்க முடியும்? அடியோடு விலக்குவதைவிட அளவைக் குறைப்பதே ஆயுள் முழுக்கக் கைகொடுக்கும்.

இது வெறும் நம்பிக்கை அல்ல. நீரிழிவுக்கு முந்தைய நிலையில் இருந்த 531 பேரைச் சென்னை மருத்துவர் அ. இராமச்சந்திரன் குழுவினர் சுமார் மூன்றாண்டுகள் பின்தொடர்ந்து, 2006இல் முடிவுகளை வெளியிட்டனர். வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 55 சதவீதத்தினருக்கு நீரிழிவு வந்தது. உணவை மிதப்படுத்தி, நடைப்பயிற்சியும் செய்தவர்களில் அது 39.3 சதவீதம். இத்தனைக்கும் அவர்களுடைய எடை பெரிதாகக் குறையவில்லை. எடை இறங்கவில்லை என்று பத்தியத்தைப் பாதியில் கைவிடுவோர் இதைக் கவனிக்க வேண்டும். தமிழகத்தில் வயது வந்தோரில் நீரிழிவு உள்ளவர்கள் 14.4 சதவீதம் என்கிறது 2023இல் வெளியான தேசிய ஆய்வு. நம் உணவின் ஆற்றலில் தானியங்களின் பங்கு 45 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்கிறது தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024ஆம் ஆண்டு வழிகாட்டி. நாட்டில் அது 50 முதல் 70 சதவீதம் வரை இருக்கிறது. அரிசி இங்கே குற்றவாளி அல்ல. பருப்புக்கும் காய்க்கும் உரிய இடத்தையும் அதுவே எடுத்துக்கொள்வதுதான் சிக்கல்.

‘உடல் உழைப்பாளிக்குச் சோறு வேண்டாமா?’ என்று கேட்பார்கள். கரும்பு வெட்டுகிறவருக்குக் கட்டாயம் வேண்டும். ஆனால் நெய்வேலிச் சுரங்கத்தில் இன்று ராட்சத இயந்திரங்கள் மண்ணை அள்ளுகின்றன. உட்கார்ந்து வேலை பார்ப்பவரும் கரும்பு வெட்டுகிறவரும் ஒரே அளவு சாப்பிடத் தேவையில்லை. ‘பருப்பும் காயும் வாங்கக் காசு ஏது?’ என்பது இதைவிட நியாயமான கேள்வி. ரேஷனில் அரிசி இலவசம். துவரம்பருப்போ கார்டுக்கு மாதம் ஒரு கிலோதான், விலை 30 ரூபாய். அந்த அளவை அரசு கூட்டட்டும். அதுவரை முருங்கைக்கீரையும் வேர்க்கடலையும் ஓரளவு ஈடுகட்டும். பலாக் காலத்தில் இரண்டு சுளை தின்றால், அன்று ஒரு கரண்டி சோறு குறையட்டும். தொழிற்சாலை கேன்டீன்கள் வடைக்குப் பதில் சுண்டலும், இரவு ஷிஃப்ட்டில் அரைச் சாப்பாடும் தரலாம். மிதமாக உண்பதைத் தனிமனித மனவுறுதிக்கு மட்டும் விட்டால் சிலரே தேறுவார்கள். வீடும் வேலையிடமும் ரேஷன் கடையும் சேர்ந்து நின்றால் ஊரே தேறும்.