கல்விச் சுதந்திரமும் கலாசாலை வாயிலும்

மணிமேகலைக் காப்பியத்தின் முதற் காதையாகிய விழாவறை காதையிலே, முரசறைவோன் இந்திர விழாவினைப் புகார் நகரத்தார்க்கு அறிவிக்கின்றான். நகரினை அணிசெய்யுமாறு பணித்து வருபவன், பல்வேறு சமயத்து வாதிகளும் பட்டிமண்டபம் ஏறித் தத்தம் பொருளை எடுத்துரைக்கலாம் என்கின்றான். பகைவரோடாயினும் சினமும் பூசலும் விளையாதவாறு ஒழுகுக என்றும் உடன் கூறுகின்றான். பேசும் உரிமையும் பேசும் முறைமையும் ஒரே முரசொலியில் அமைந்தமை நம்மனோர் எண்ணி மகிழ்தற்குரியது. ஆயினும், இவ்விரண்டனோடு மூன்றாவதொன்றும் வேண்டும் என்பதே யாம் ஈண்டுக் கூறப் புகுந்தது. அஃதாவது, மண்டபத்தின் வாயில் யாவர்க்கும் திறந்திருத்தல் வேண்டும். வாயில் சிலர்க்கு அடைபடுமாயின், உள்ளே நிகழும் தருக்கம் எத்துணை இனிதாயினும் அது முழுச் சுதந்திரம் ஆகாது.

இவ்வுண்மையைத் தென்னாப்பிரிக்காவின் வரலாறு நன்கு புலப்படுத்துகின்றது. அந்நாட்டில் ஆலிஸ் என்னும் சிற்றூரின் அருகே, மிஷனரிமாரின் முயற்சியால் 1916-ஆம் ஆண்டிற் போர்ட் ஹேர் கலாசாலை தோன்றிற்று. பல மொழி பேசும் ஆப்பிரிக்க மாணாக்கரும், கலப்பினத்தாரும், இந்தியரும் ஆங்கு ஒருங்கே பயின்றனர். நெல்சன் மண்டேலா, ஆலிவர் தாம்போ, ராபர்ட் சோபுக்வே முதலியோர் அக்கலாசாலையின் மாணாக்கரே. வெள்ளையர் பெரும்பாலராகப் பயின்ற கேப் டவுன், விட்வாட்டர்ஸ்ராண்ட் என்னும் இரு சர்வகலாசாலைகளும் ஏனை இனத்தார் சிலரைத் தம் வகுப்புக்களிற் சேர்த்து வந்தன.

1948 முதல் 1955 வரை கேப் டவுன் சர்வகலாசாலையின் துணைவேந்தராக விளங்கிய டேவி என்பார், கல்விச் சுதந்திரத்தை நான்காக வகுத்தார்: கற்பிப்பவர் யாவர், கற்பிப்பது யாது, கற்பிக்கும் முறை எது, கற்பிக்கப்படுவோர் யாவர் என்னும் இந்நான்கனையும் சர்வகலாசாலையே புறத்தார் தலையீடின்றித் துணிதல் வேண்டும் என்பது அவர் கொள்கை. அமெரிக்க உச்சநீதிமன்றத்து நீதிபதி பிராங்பர்ட்டரும் 1957-இல் ஒரு வழக்கில், தென்னாப்பிரிக்க அறிஞர் வெளியிட்ட அறிக்கையிலிருந்து இந்நான்கனையும் எடுத்துக் காட்டினார். முதல் மூன்றும் யாவரும் எளிதில் உடன்படத்தக்கன. நான்காவதோ பலர் மறப்பது. அதனை முன்னைய மூன்றனோடு ஒருங்கு வைத்தெண்ணியதே அவ்வறிஞரின் நுண்ணறிவு.

இந்நான்காவதன்மீதே அரசாங்கத்தின் கை முதலில் விழுந்தது. 1959-ஆம் ஆண்டிற் சர்வகலாசாலைக் கல்வி விரிவுச் சட்டம் என்பதொன்று நிறைவேறிற்று. பெயரோ விரிவு; செயலோ குறுக்கம். மந்திரியின் அனுமதியின்றி வெள்ளையரல்லாதார் திறந்த சர்வகலாசாலைகளிற் சேர்தல் தடுக்கப்பட்டது. ஒவ்வோர் இனத்தார்க்கும் வெவ்வேறு கலாசாலை வகுக்கப்பட்டது. போர்ட் ஹேர் அரசாங்கத்தின் கைப்பட்டு, பெரும்பாலும் கோசா மொழியினர்க்கே உரியதாக்கப்பட்டது. அக்கலாசாலையிற் பயின்று பட்டம்பெற்று, ஆங்கே பேராசிரியராகவும் விளங்கிய மாத்யூஸ் என்பார், தமக்கு வரவிருந்த ஓய்வூதியத்தையும் இழந்து பதவி துறந்தார். இந்தியர்க்கெனத் தர்பன் துறைமுகத்துச் சாலிஸ்பரித் தீவில் 1961-இல் ஒரு கலாசாலை திறக்கப்பட்டது. 1860 முதல் ஒப்பந்தக் கூலிகளாகச் சென்னைத் துறைமுகத்தினின்று நேட்டாலுக்குக் கப்பலேறிய நம் தமிழ் மக்களின் வழித்தோன்றல்களும் அத்தீவிலே ஒதுங்கிக் கற்கும் நிலையினர் ஆயினர்.

வாயிலை அடைத்தவர் அத்துடன் அமையவில்லை. 1968-இல் ஆர்ச்சி மபேஜே என்னும் ஆப்பிரிக்க அறிஞரைக் கேப் டவுன் சர்வகலாசாலையார் விரிவுரையாளராகத் தெரிந்தெடுத்தனர். அரசாங்கம் அச்சுறுத்தவே, அந்நியமனத்தைத் தாமே நீக்கினர். மாணாக்கர் நூற்றுக்கணக்கானோர் நிருவாகக் கட்டிடத்தில் ஒன்பது நாள் அமர்ந்து மறுத்தும் பயனில்லை. கற்போர் யாவர் என்னும் உரிமையைப் பறிகொடுத்தவர், ஒன்பது ஆண்டிற்குள்ளே கற்பிப்போர் யாவர் என்னும் உரிமையையும் இழந்தனர். அச்சர்வகலாசாலை மபேஜேயின் குடும்பத்தாரிடம் மன்னிப்புக் கோரியது 2008-இல். அவரோ அதற்கு முன்னரே, 2007-இல், இவ்வுலகை நீத்திருந்தார்.

இனி, பழியனைத்தையும் அரசாங்கத்தின் தலையில் ஏற்றிவிட்டு நாம் ஓய்ந்திருத்தல் தகாது. திறந்தவை எனப் பெயர்பெற்ற சர்வகலாசாலைகளிலும் வகுப்பறை திறந்திருந்ததேயன்றி, விடுதியும் விளையாட்டு வெளியும் கேளிக்கைக் கூடமும் ஏனை இனத்தார்க்கு ஒப்பத் திறந்தில. மிஷன் கலாசாலையாகிய போர்ட் ஹேரும் குறையற்றதன்று. மாணவர் மன்றத் தேர்தல் பற்றிய பூசலில் தம் மனச்சான்றின்படி நின்ற மண்டேலா, 1940-இல் அக்கலாசாலையை விட்டு நீங்க நேர்ந்தது. நல்லெண்ணம் உடையோரும் தம் வீட்டுக் கதவைத் தாமே பாதியளவு சாத்தி வைத்தல் கூடும் என்பதற்கு இவை சான்று.

இதனை யாம் எம் அனுபவத்திலும் கண்டோம், நாணத்தோடு கூறுகின்றோம். சென்ற ஆண்டு எம் வகுப்பில், தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி புகுந்த மாணவர் ஒருவர் எழுந்து ஒரு வினா விடுத்தார். புறநானூற்றில் இழிசினன் என வரும் சொல்லுக்கு இன்று நாம் கொள்ளும் இழிவுப் பொருள் அப்பாட்டுக்களின் காலத்தும் உண்டோ, அன்றிப் பிற்காலத்தார் ஏற்றியதோ என்பது அவ்வினா. ஆராய்ச்சிக்குரிய நல்ல வினா. பின் வரிசையினின்று ஒருவர், இஃது இவர்க்கு உறவு முறையான வினா போலும் என்றார். பலர் நகைத்தனர். யாமும் நகைத்தோம். அவர் அமர்ந்தார், அவ்வாண்டு முழுதும் மீண்டும் எழுந்திலர். பின்னர் யாம் சென்று பொறுத்தருள வேண்டினோம். அவர் புன்முறுவலோடு பொறுத்தார். எனினும் அவ்வினாவை மீண்டும் எழுப்ப இசைந்திலர்.

இங்கே எம்மந்திரியும் சட்டம் இயற்றவில்லை. எவரும் வாயிலில் நின்று தடுக்கவில்லை. எனினும் ஒரு மாணவரின் நா அடைபட்டது. இழப்பு அவர்க்கு மட்டுமோ? அவ்வினாவால் நாம் கற்றிருக்கக்கூடிய தமிழை நாமும் இழந்தோம்.

மரியாதை வேண்டும் என்பார் உண்மை பேசுவோரின் வாயை அடைக்க முயல்கின்றனர் என்று சிலர் அஞ்சுவர். அவ்வச்சம் முற்றும் பொய்யன்று. மரியாதை என்னும் பெயரால் மாணாக்கரை ஊமையாக்குதலும் உலகில் உண்டு. ஆதலின் எல்லையைத் தெளிவுற வகுத்தல் வேண்டும். ஒருவர் கருத்தை எத்துணை வன்மையாகவும் மறுக்கலாம். ஆசிரியர் கருத்தாயினும் மறுக்கலாம். அவர் பிறப்பையும், நிறத்தையும், சமயத்தையும், பேச்சு வழக்கையும் இகழ்தல் மறுப்பு ஆகாது. முன்னது தருக்கத்தை வளர்க்கும். பின்னது தருக்கிப்பாரையே மண்டபத்தினின்று வெளியேற்றும். தென்னாப்பிரிக்காவின் 1996-ஆம் ஆண்டு அரசியலமைப்பும் கல்விச் சுதந்திரத்தைப் பேச்சுரிமையின் ஒரு கூறாகவே காக்கின்றது. இனம், சமயம் முதலியன பற்றிப் பகை மூட்டித் தீங்கு செய்யத் தூண்டும் பேச்சுக்கோ அக்காப்பினை அளிக்கவில்லை. துன்புற்றுத் தெளிந்த நாட்டின் முடிபு அது.

ஆகவே, ஆசிரியப் பெருமக்களை யாம் வேண்டுவது: நகைப்பினால் அமுங்கிய வினாவை நீங்களே மீண்டும் எழுப்பி விடை கூறுங்கள். பழைய மாணாக்கரை வேண்டுவது: உங்கள் காலத்தில் வாய்திறவாது அமர்ந்திருந்தவர் யாவர் என நினைந்து எங்கட்குச் சொல்லுங்கள். உடன் பயிலும் தோழர்களை வேண்டுவது ஒன்றே: பின் வரிசையில் நகைப்பொலி எழும்போது, அதனோடு சேராதிருத்தல் மட்டும் போதாது; எழுந்து நின்று, அவர் வினாவைக் கேட்போம் என்று சொல்லுங்கள். யாம் அன்று சொல்லத் தவறியது அதுவே.