எழுமலைக்கு எத்தனை பைட்?

உசிலம்பட்டி, எழுமலை, பேரையூர் பக்கம் ஒரு காதுகுத்து விழாவுக்குப் போனால், பந்தியைவிட முன்னால் கண்ணில் படுவது மொய் மேஜைதான். நீள நோட்டும் பேனாவும் இருந்த அந்த மேஜைக்கு லேப்டாப்பும் சின்ன பிரின்டரும் வந்துவிட்டன. ஊர், பெயர், தொகை என்று சொல்லச் சொல்ல ஒருவர் டைப் செய்கிறார். அடுத்த நிமிடம் ரசீது கைக்கு வருகிறது. மொத்தக் கணக்கையும் பென் டிரைவில் போட்டுக் கொடுக்கலாம். சர்வரில் ஏற்றி, மொபைலில் பெயரைத் தட்டினால் விவரம் வருகிற மாதிரியும் வைக்கலாம்.

இந்தப் பக்கத்தில் மொய் என்பது அன்பளிப்பு மட்டும் இல்லை. திருப்பிச் செய்ய வேண்டிய பணம். அவர் வீட்டு விசேஷம் வரும்போது பழைய நோட்டைப் புரட்டி, அவர் எவ்வளவு செய்தார் என்று பார்த்து, அதற்குக் குறையாமல் செய்ய வேண்டும். நோட்டு தொலைந்தால் உறவு கசக்கும். அதனால்தான் மொய் நோட்டைப் பத்திரத்தோடு சேர்த்துப் பெட்டியில் வைப்பார்கள்.

ஒரு பேச்சுக்கு, இப்படி ஒரு மொய்க் கணக்கு இணையத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வாடகை குறைவு என்று ஹோஸ்டிங் நிறுவனத்தை மாற்றுகிறார்கள். மறுநாள் திறந்தால் ஊர் இருந்த இடத்தில் வரிசையாகக் கேள்விக்குறி, பெயர் இருந்த இடத்திலும் கேள்விக்குறி. பக்கத்தில் 501, 1001, 5001 மட்டும் பளிச்சென்று நிற்கிறது. எண்கள் தப்பித்துவிடும், தமிழ்தான் போகும். செய்தவர் யாரென்று தெரியாத தொகையை யாருக்குத் திருப்பிச் செய்வது?

இந்தக் கோளாறு மொய்க் கணக்குக்கு மட்டும் வருவதல்ல. பள்ளி மாணவர் பட்டியல், கோயில் தலைக்கட்டு வரிக் கணக்கு, உரக்கடை வாடிக்கையாளர் விவரம் என்று தமிழில் எதை வைத்திருந்தாலும் சர்வர் மாற்றும்போது இந்தக் கண்டம் உண்டு. காரணத்தைப் புரிந்துகொள்ள ‘எழுமலை’ என்ற ஒரு சொல் போதும்.

நம் கண்ணுக்கு அது நான்கு எழுத்து: எ, ழு, ம, லை. கம்ப்யூட்டருக்கு ஆறு. ‘ழு’ என்பதை ‘ழ’ தனி, உகரக் குறி தனி என்றும், ‘லை’ என்பதை ‘ல’ தனி, ஐகாரக் குறி தனி என்றும் யூனிகோட் எண்ணுகிறது. தமிழில் ஒரு எஸ்எம்எஸ்-க்கு 70 இடம்தான் (ஆங்கிலத்துக்கு 160). அதில் எழுமலை மட்டும் ஆறு இடத்தை எடுத்துக்கொள்ளும். இணையத்தில் இன்று எல்லோரும் பயன்படுத்தும் யுடிஎஃப்-8 முறையில் இந்த ஆறும் ஆளுக்கு மூன்று பைட் பிடிக்கும். ஆக, எழுமலைக்கு 18 பைட். இணைய முகவரியில் தமிழ்ப் பெயர் வைத்தால் ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியோடு சேர்ந்து மூன்று எழுத்தாகி, 54 எழுத்துகளுக்கு நீளும். வாட்ஸ்அப்பில் வரும் சில தமிழ்ச் செய்தி லிங்க்குகள் ரயில் பெட்டி மாதிரி நீள்வது இதனால்தான்.

இந்த 18 என்ற எண்தான் நோயைக் கண்டுபிடிக்கும் தெர்மாமீட்டர். தளம் குழம்பிப்போனால், முதலில் திரையைப் பார்த்துப் பதறக் கூடாது. டேட்டாபேஸுக்குள் போய், அந்தப் பெயர் எத்தனை பைட், எத்தனை எழுத்து என்று கேட்க வேண்டும். மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸில் இதற்கு ‘லெங்த்’, ‘கேர் லெங்த்’ என்று இரண்டு கட்டளைகள் உள்ளன. முதலாவது பைட்டை எண்ணும், இரண்டாவது எழுத்தை எண்ணும்.

18 பைட், 6 எழுத்து என்று வந்தால் உள்ளே எல்லாம் நலம். திரையில் கேள்விக்குறி தெரிந்தாலும் கவலை வேண்டாம். டேட்டாபேஸுக்கும் தளத்துக்கும் நடுவே உள்ள இணைப்பில்தான் கோளாறு. இணைப்பு எந்த எழுத்து முறையில் பேச வேண்டும் என்பதை ‘யுடிஎஃப்8எம்பி4’ என்று அமைத்தால் பெயர்கள் திரும்பி வந்துவிடும். இது தெரியாமல், போனது போனதுதான் என்று எல்லாவற்றையும் அழித்துவிட்டுத் திரும்ப டைப் செய்ய உட்காருகிறவர்கள்தான் பாவம்.

36 பைட், 18 எழுத்து என்று வந்தால் தமிழ் இரண்டு முறை பொட்டலம் கட்டப்பட்டிருக்கிறது. யுடிஎஃப்-8 பைட்டுகளை யாரோ லத்தீன் எழுத்து என்று நினைத்து, மறுபடியும் யுடிஎஃப்-8 ஆக மாற்றியிருக்கிறார்கள். திரையில் கொம்பும் வாலும் முளைத்த ஐரோப்பிய எழுத்துகள் தெரியும். பார்க்கப் பயங்கரமாக இருந்தாலும் இது பிழைக்கும் கேஸ். அந்தப் பத்தியை லத்தீன்1-க்கும், அங்கிருந்து பைனரிக்கும், பைனரியிலிருந்து யுடிஎஃப்8எம்பி4-க்கும் மாற்றினால் பொட்டலம் பிரிந்துவிடும். ஆனால் அசலில் கை வைக்கக் கூடாது; ஒரு நகலில் செய்து பார்த்த பிறகுதான் அசல்.

18 பைட், 18 எழுத்து என்று வருவது இன்னொரு வகை. சரக்கு சரி, பாத்திரம் தப்பு. லத்தீன் அறையில் தமிழ் குடியிருக்கிறது. பல வருடம் எந்தத் தொந்தரவும் தராது. எழுதும்போது செய்த தப்பைப் படிக்கும்போதும் செய்வதால் கணக்கு நேராகிவிடும். சர்வர் மாற்றும் அன்றுதான் வெடிக்கும். இங்கேயும் பைனரி வழியாகத்தான் அறையை மாற்ற வேண்டும். நேரடியாக மாற்றினால் மேலே சொன்ன 36 ஆகிவிடும்.

6 பைட், 6 எழுத்து என்று வந்தால்? லத்தீன் அறையில் இடமில்லாத ஒவ்வொரு எழுத்தையும் தூக்கி எறிந்துவிட்டு, பதிலுக்கு ஒரு கேள்விக்குறி வைத்திருக்கிறது டேட்டாபேஸ். எந்தக் கேள்விக்குறி எந்த எழுத்து என்று அதற்கே தெரியாது. எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. பேக்கப் ஒன்றுதான் வழி.

லத்தீன் எங்கிருந்து வந்தது என்று கேட்கலாம். மைஎஸ்க்யூஎல் ஸ்வீடனில் பிறந்தது. 5.7 வரையான பதிப்புகளில், எதுவும் சொல்லாமல் டேபிள் உருவாக்கினால் லத்தீன்1 எழுத்து முறையும் ஸ்வீடிஷ் அகரவரிசையும்தான் அமையும். எழுமலைக்காரர் பெயரை ஸ்டாக்ஹோம் வரிசையில் அடுக்குகிற கூத்து. 2018-ல் வந்த 8.0 பதிப்பில்தான் யுடிஎஃப்8எம்பி4 இயல்பான தேர்வானது. அதற்கு முன் கட்டிய தளங்கள் எல்லாவற்றையும் ஒருமுறை சோதித்துவிடுவது நல்லது.

இன்னொரு பொறி, பெயரிலேயே இருக்கிறது. மைஎஸ்க்யூஎல்லில் வெறும் ‘யுடிஎஃப்8’ என்று பல காலமாக இருந்துவந்தது முழு யுடிஎஃப்-8 அல்ல. மூன்று பைட் வரைதான் கொள்ளும். தமிழ் எழுத்துக்கு அது போதும். ஆனால் இமோஜிக்கு நான்கு பைட் வேண்டும். கண்டிப்பு இல்லாத அமைப்பில், வாடிக்கையாளர் பாராட்டி ஒரு வரி எழுதி, ரோஜாப்பூ இமோஜி போட்டு, அதன் பிறகு ஒரு குறையும் எழுதியிருந்தால், பூவோடு சேர்ந்து குறையும் வெட்டுப்படும். கடைக்காரருக்குப் பாராட்டு மட்டும் போய்ச் சேரும். பழைய பத்திரங்களில் வரும் மா, காணி, முந்திரி போன்ற பின்னக் குறிகளும் அப்படித்தான். 2019-ல் யூனிகோட் 12-ல் தமிழுக்கென்று சேர்த்த அந்தக் குறியீடுகள் ஒவ்வொன்றும் நான்கு பைட். நிலக் கணக்கை ஏற்றுகிறவர்கள் ‘எம்பி4’ என்ற வாலை விடக் கூடாது.

டேட்டாபேஸைத் தாண்டினால் மற்ற வாசல்கள் சுலபம். ஃபைலை யுடிஎஃப்-8 ஆகச் சேமிக்க வேண்டும். ஹெச்டிஎம்எல் பக்கத்தில் எழுத்து முறையைச் சொல்லும் மெட்டா வரி முதல் 1,024 பைட்டுக்குள் வர வேண்டும். அப்பாச்சியோ எஞ்சின்எக்ஸோ, சர்வர் அனுப்பும் தலைப்பிலும் யுடிஎஃப்-8 என்றே இருக்க வேண்டும். பக்கம் ஒன்று சொல்லி சர்வர் வேறு சொன்னால், பிரவுசர் சர்வர் பேச்சைத்தான் கேட்கும்.

இந்தத் தலைவலி எல்லாம் யூனிகோட் வந்த பிறகு உள்ளவை. அதற்கு முன் நிலைமை இன்னும் மோசம். பாமினி மாதிரியான ஃபான்ட்டுகளில் எழுமலை என்று அடித்தால், உள்ளே பதிவாவது வி, ஓ, கே, ஐ, ஒய் என்ற ஐந்து ஆங்கில எழுத்துகள். ஃபான்ட் இருக்கும் வரை தமிழ், இல்லையென்றால் கிறுக்கல். தேடினாலும் கிடைக்காது. டிடிபி சென்டர்களில் பத்திரிகை அடிக்க இன்றும் இதைப் பயன்படுத்துகிறார்கள். அச்சுக்குப் பரவாயில்லை. இணையத்தில் ஏற்றுவதாக இருந்தால் யூனிகோடுக்கு மாற்றிய பிறகே ஏற்ற வேண்டும்.

மாற்றிப் பிழைத்ததற்கு மதுரையின் பெயரிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. 1998 பொங்கல் நாளில் தொடங்கிய ‘மதுரைத் திட்டம்’, சங்கம் வளர்த்த ஊரின் பெயரைத் தாங்கியதே தவிர, ஒருங்கிணைத்தவர் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் இருந்த கு. கல்யாணசுந்தரம். பல நாடுகளில் இருந்த தன்னார்வலர்கள் திருக்குறள் தொடங்கிப் பழைய நூல்களைத் தட்டச்சு செய்து இலவசமாக ஏற்றினார்கள். ஆரம்பத்தில் தனி ஃபான்ட், பிறகு டிஸ்கி என்ற குறியீடு, அதன் பிறகு யூனிகோட் என்று வண்டி மாறி மாறிப் பயணம் செய்தன அந்த நூல்கள். ஆடம்பரம் இல்லாத எளிய ஹெச்டிஎம்எல் பக்கங்கள் என்பதால், சிக்னல் சரியில்லாத இடத்தில் பழைய போனிலும் திறந்துகொள்கின்றன. யார் வேண்டுமானாலும் நகல் எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்பதும் ஒரு பெரிய பாதுகாப்பு.

நகல் என்றதும், இருக்கிறது என்று நினைப்பதும் உண்மையில் இருப்பதும் வேறு என்று உலகத்துக்கே காட்டிய ஒரு சம்பவத்தைச் சொல்லியாக வேண்டும். 2017 ஜனவரி 31. மென்பொருள் எழுதுகிறவர்கள் தங்கள் கோடுகளைச் சேமித்து வைக்கும் கிட்லேப் நிறுவனம். இரவு வேலையில் இருந்த ஓர் இன்ஜினீயர், உதிரி சர்வர் என்று நினைத்து முதன்மை சர்வரின் டேட்டாபேஸ் ஃபோல்டரை அழிக்கத் தொடங்கினார். தப்பு என்று உணர்ந்து நிறுத்துவதற்குள் சுமார் 300 ஜிபியில் மிஞ்சியது 4.5 ஜிபி. சரி, பேக்கப் இருக்கிறதே என்று போனால், ஐந்து விதமான ஏற்பாடுகளில் ஒன்றுகூட நம்பும்படி இல்லை. தினமும் எடுக்க வேண்டிய பேக்கப், டேட்டாபேஸின் பதிப்பும் பேக்கப் கருவியின் பதிப்பும் பொருந்தாததால் எப்போதோ நின்றுபோயிருந்தது. நின்றுவிட்டது என்று எச்சரிக்கும் இமெயில்களும் வழியிலேயே நிராகரிக்கப்பட்டிருந்தன. வேறு ஒரு சோதனைக்காக ஆறு மணி நேரம் முன்பு தற்செயலாக எடுத்த ஒரு நகல்தான் காப்பாற்றியது. அந்த ஆறு மணி நேரத் தகவல்கள் போனது போனதுதான். நிறுவனம் எதையும் மறைக்காமல், மீட்புப் பணியை யூடியூபில் நேரலையாகவே காட்டியது. அந்த நேர்மையைப் பாராட்டலாம்.

மாதம் ஒருமுறை பேக்கப்பை வேறு ஓர் இடத்தில் திறந்து பார்ப்பதற்கு அரை மணி நேரம்கூட ஆகாது. திறந்ததும் எழுமலை என்ற ஊர்ப் பெயர் 18 பைட்டாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டால் ஒரே கல்லில் இரண்டு சோதனையும் முடிந்தது. பேக்கப் எடுக்கும் கட்டளையிலேயே எழுத்து முறை யுடிஎஃப்8எம்பி4 என்று குறிப்பிட வேண்டும். விண்டோஸ் பவர்ஷெல்லில் எடுக்கிறவர்கள், அம்புக்குறி போட்டு ஃபைலுக்குத் திருப்பினால் அது யுடிஎஃப்-16 ஆக மாறிவிடும். ஃபைல் பெயரைக் கட்டளைக்குள்ளேயே கொடுக்கும் வசதியைப் பயன்படுத்த வேண்டும்.

எங்கே வைப்பது என்பதும் முக்கியம். 2021 மார்ச் 10 அன்று பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஓவிஹெச் நிறுவனத்தின் டேட்டா சென்டர் தீப்பிடித்து எரிந்தது. தளத்தையும் பேக்கப்பையும் அதே வளாகத்தில் வைத்திருந்தவர்கள் இரண்டையும் சேர்த்து இழந்தார்கள். அதற்காகத் தளம் இருக்கும் பொது ஃபோல்டரிலேயே பேக்கப் ஃபைலைப் போட்டுவைப்பது அதைவிட ஆபத்து. பெயரை யூகிக்கத் தெரிந்த எவரும் பிரவுசரிலேயே இறக்கிக்கொள்ளலாம். ஊர், பெயர், போன் நம்பர், தொகை எல்லாம் அதில்தானே இருக்கிறது?

சரி, எல்லாம் நலமாக இருந்தும் தேடினால் ‘கோபால்’ கிடைக்கவில்லை என்று ஒரு புகார் வரும். ‘கோ’ என்ற எழுத்தை இரண்டு விதமாகப் பதிய முடியும்: ஓகாரக் குறியை ஒரே துண்டாக, அல்லது ஏகாரக் குறியும் காலும் தனித்தனியாக. கண்ணுக்கு இரண்டும் ஒன்று. கம்ப்யூட்டருக்கு இரண்டு வேறு ஆள். ஒரே கோபால் இரண்டு மொய்க்காரர் ஆகிவிடுவார். பெயரைச் சேமிக்கும்போதும் தேடும்போதும் ‘என்எஃப்சி’ என்ற ஒரே வடிவத்துக்கு மாற்றிவிட்டால் இந்த இரட்டைப் பிறவி தீரும். பெயரை இடத்துக்காக வெட்டிக் காட்டுகிற தளங்களில், பிஹெச்பியின் சாதாரண வெட்டும் கட்டளை பைட்டைத்தான் எண்ணும். நடுவில் வெட்டினால் கறுப்பு வைரக் குறி தெரியும். ‘கிராஃபீம்’ என்று தொடங்கும் கட்டளைகள் நம்மைப் போலவே எழுமலையை நான்காக எண்ணுகின்றன.

கடைசியாக, சர்வர் பக்கமே போகாதவர்களுக்கும் உரியது எக்ஸெல். மொய்க் கணக்கை சிஎஸ்வி ஃபைலாக இறக்கி, டபுள் கிளிக் செய்து திறந்தால் தமிழ் குழம்பித் தெரியலாம். அப்போது சேவ் கொடுக்காமல் மூடிவிட வேண்டும். ஃபைலுக்குள் தமிழ் பத்திரமாகத்தான் இருக்கிறது. ‘டேட்டா’ மெனு வழியாக, எழுத்து முறை யுடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுத்துத் திறந்தால் சரியாகிவிடும். திருத்தி முடித்துச் சேமிக்கும்போது பட்டியலில் சாதாரண சிஎஸ்வி, யுடிஎஃப்-8 சிஎஸ்வி என்று இரண்டு இருக்கும். சாதாரணத்தை அழுத்தினால் அந்த நிமிடமே எழுமலை ஆறு கேள்விக்குறி ஆகிவிடும்.