பென்ரின் கோட்டையின் கணக்கு

பிரிட்டனின் பழைய மாளிகைகளுக்குள் அடிமை வணிகப் பணம் புகுந்திருப்பதைச் சொன்னாலே போதும், ‘வரலாற்றைத் திருத்துகிறார்கள்’ என்ற கூக்குரல் எழுந்துவிடுகிறது. 2020 செப்டம்பரில் நேஷனல் டிரஸ்ட் என்ற அறக்கட்டளை, தன் பராமரிப்பில் உள்ள 93 இடங்களுக்கு அடிமை முறையோடும் காலனி ஆட்சியோடும் இருந்த தொடர்பை அறிக்கையாக வெளியிட்டது. நாடாளுமன்ற உறுப்பினர்கள் சிலரும் நாளேடுகளும் கொதித்தெழுந்தார்கள். அறக்கட்டளைகளைக் கண்காணிக்கும் ஆணையம் ஆராய்ந்து, விதிமீறல் ஏதுமில்லை என்று 2021 மார்ச்சில் அறிவித்தது. பழி மட்டும் ஓயவில்லை.

அந்த இடங்களில் ஒன்று வட வேல்ஸின் பென்ரின் கோட்டை. 19ஆம் நூற்றாண்டில் அதை எழுப்பிய ஜார்ஜ் ஹே டாக்கின்ஸ்-பென்னன்ட்டுக்கு ஜமைக்காவில் கரும்புத் தோட்டங்கள் இருந்தன. 1833இல் அடிமை ஒழிப்புச் சட்டம் நிறைவேறியபோது அரசு 2 கோடி பவுண்டு இழப்பீடு ஒதுக்கியது. அடிமைப்பட்டவர்களுக்கு அல்ல, அவர்களை உடைமையாக வைத்திருந்தவர்களுக்கு! 764 மனிதர்களுக்காக இவர் பெற்றது 14,683 பவுண்டு. அந்த 764 பேருக்கு ஒரு பென்னிகூட இல்லை. ‘தொழில் பழகுவோர்’ என்று பெயர் மாற்றி, 1838 வரை வாரத்தின் பெரும்பகுதி கூலியின்றி உழைக்க வைத்தார்கள். இழப்பீட்டுக்காக அரசு வாங்கிய கடனோ 2015இல்தான் முழுதாகத் தீர்ந்தது.

இதில் எதை யார் திருத்தினார்கள்? அரசு எழுத்தர்களே எழுதிய கணக்கு கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருந்தது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 2009 முதல் அதைப் படித்து, 2013இல் எவரும் கட்டணமின்றித் தேடும்படி இணையத்தில் வைத்தார்கள். தன் குடும்பப் பெயரையோ ஊரையோ தட்டிப் பார்க்கும் சாதாரண மனிதருக்கு அந்த ஏடு இப்போது திறந்திருக்கிறது. சிலரை உறுத்துவது இதுதான்.

மாளிகைக்கு வருகிறவர்கள் தோட்டத்தையும் தேநீரையும் தேடித்தான் வருகிறார்கள், இதெல்லாம் அவர்களுக்கு எதற்கு என்கிறார்கள். பொதுமக்களை இதைவிட இழிவுபடுத்த முடியாது. பென்ரினுக்கு அருகே பெதெஸ்டா என்ற ஊர். ஜமைக்காப் பணத்தில் வளர்ந்த பென்னன்ட் குடும்பத்தின் கற்பலகைச் சுரங்கத்தில் அவ்வூரார் 1900 முதல் 1903 வரை வேலைநிறுத்தம் செய்தார்கள். ஒரு நூற்றாண்டு கடந்தும் அந்தக் கோட்டைக்குள் கால் வைக்க மறுத்தவர்கள் அங்கே உண்டு. அவர்களுக்கா வரலாறு வேண்டாம்?

1817 முதல் ஜமைக்காவில் எடுத்த அடிமைப் பதிவேடுகளில் பெயர், வயது, ஆப்பிரிக்காவில் பிறந்தவரா இல்லையா என்பதெல்லாம் உள்ளன. பென்னன்ட்டுகளின் உருவப்படங்கள் தொங்கும் அதே சுவர்களில் அந்தப் பெயர்களையும் எழுதுங்கள்.