ஆண்டுக்குப் பன்னிரு நூல்கள்

ஆண்டு பிறந்ததும் விரதம் பூணுவது மாந்தர் இயல்பு. விடியற்காலையில் எழுவோம், வெற்றிலையை விடுவோம், வீண் செலவைக் குறைப்போம் என்று பலரும் பல உறுதிகளை எடுத்துக்கொள்கின்றனர். அண்மைக் காலமாக மாணவரிடையே மற்றொரு விரதமும் பரவி வருகின்றது. "இவ்வாண்டில் ஐம்பது நூல்களைப் படித்து முடிப்பேன்" என்று எண் குறித்துச் சபதம் செய்வதே அது. விரதம் நல்லதே. அதனை நிறைவேற்றும் வகை யாது என்பதை இவ்வாரம் நேயர்களுடன் சற்றே ஆராய விரும்புகின்றோம்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். நூலொன்றுக்கு 250 பக்கங்கள் என்று கொண்டால், ஐம்பது நூல்களுக்கு 12,500 பக்கங்கள் ஆகின்றன. நாள்தோறும் 34 பக்கங்கள் தவறாது படித்தாலன்றி இவ்விரதம் கைகூடாது. பாடசாலை, தனியார் வகுப்பு, வீட்டு வேலை என்று பொழுது கழியும் மாணவன் இரண்டாம் மாதத்திலேயே களைத்துப் போவான். பிறகு மெலிந்த நூல்களாகத் தேடி எடுத்து எண்ணிக்கையை நிரப்புவான்; அன்றி, விரதத்தையே கைவிடுவான்.

பன்னிரண்டு நூல்கள் என்றால் 3,000 பக்கங்களே. நாளுக்கு ஒன்பது பக்கங்கள் படித்தாற் போதும். கம்பளையிலிருந்து கண்டிக்குச் செல்லும் புகைவண்டியில் இடம் கிடைத்தால் அவ்வளவையும் படித்து முடித்துவிடலாம். எனவே, மாதம் ஒரு நூல், ஆண்டுக்குப் பன்னிரு நூல்கள் என்பதையே நாம் குடும்பங்களுக்குச் சிபார்சு செய்கின்றோம்.

எண்ணுவதில் உள்ள இடர்

எண்ணிக்கையை மட்டும் நம்பினால் வேறோர் இடரும் உண்டு. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகங்கள் கொண்டது. அதனை ஒரு நூலென்று எண்ணுவதா, ஐந்தென்று எண்ணுவதா? 1950 முதல் 1954 வரை அது வாரந்தோறும் வெளிவந்த காலத்தில், வாசகர்கள் மூன்றரை ஆண்டுகள் பொறுத்திருந்து அதனைப் படித்தனர். உ. வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்' 1940 ஆம் ஆண்டு தொடங்கி ஆனந்த விகடனில் வாரம் ஓர் அத்தியாயமாக வந்தது. 122 அத்தியாயங்கள் வெளிவந்த நிலையில், 1942 இல் ஆசிரியர் மறைந்தமையால் அது முற்றுப்பெறாமல் நின்றது. நூல்களையும் நல்லாசிரியரையும் தேடி ஓர் ஏழை மாணவர் அலைந்த வரலாறு அது. இவ்விரண்டையும் வாரம் வாரமாகச் சுவைத்தவர்கள் எத்தனை நூல் படித்தோம் என்று கணக்கு வைத்தார்களா? எண் நம்மை நூலின் அருகே கொண்டு சேர்ப்பதற்கே. சேர்ந்த பின் அதனை மறந்துவிடுதல் நலம்.

நம் மலையின் நூல்கள்

இனி, எவற்றைப் படிப்பது? பன்னிரண்டில் ஆறினை அவரவர் விருப்பத்துக்கு விட்டுவிடுவோம். மேற்கூறிய இரு நூல்களையும் அவற்றுள் சேர்க்கலாம். மார்ட்டின் விக்கிரமசிங்க 1944 இல் எழுதிய 'கம்பெரலிய' என்ற சிங்கள நாவல் 'கிராமப் பிறழ்வு' என்று தமிழில் வந்துள்ளது. மூவினத்தாரும் அடுத்தடுத்து வாழும் கம்பளை போன்ற நகரில், அண்டை வீட்டாரின் உள்ளத்தை அறிய அது பெரிதும் உதவும்.

எஞ்சிய ஆறும் நம் மலைநாட்டு எழுத்துகளாக இருத்தல் வேண்டும் என்பது எமது வேண்டுகோள்.

கண்டியில் 1838 இல் பிறந்த அறிஞர் சித்திலெவ்வை 1885 இல் வெளியிட்ட 'அசன்பேயுடைய கதை' இலங்கையின் முதல் தமிழ் நாவல் எனப் போற்றப்படுகின்றது. மலைநாட்டவர் ஒருவரே அப்பெருமைக்குரியவர் என்பதை நம் மாணவர் எத்தனை பேர் அறிவர்?

கோகிலம் சுப்பையாவின் 'தூரத்துப் பச்சை' 1964 இல் வந்தது. பச்சை தெரிகின்றது என்று நம்பிக் கடல் கடந்து வந்தவர்கள் இங்கே கண்டது என்ன என்பதை அந்நாவல் ஒரு பெண்ணின் வாழ்வைக் கொண்டு கூறுகின்றது.

சி. வி. வேலுப்பிள்ளை 1947 இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து நாடாளுமன்றம் சென்றவர். மறு ஆண்டே குடியுரிமைச் சட்டத்தால் அவருடைய மக்கள் நாடற்றவராயினர். அத்துயரை உடனிருந்து கண்டவரின் 'நாடற்றவர் கதை'யைப் படிக்காமல் நம் பாட்டன்மார் பட்ட பாட்டை முழுதும் உணர்தல் அரிது.

தெளிவத்தை ஜோசப் 1934 இல் பிறந்து 2022 இல் மறைந்தார். தாம் ஆசிரியராகப் பணிபுரிந்த தோட்டத்தின் பெயரையே தம் பெயரோடு இணைத்துக்கொண்ட அவரது 'காலங்கள் சாவதில்லை' 1974 இல் நூலாயிற்று. தோட்ட மருத்துவராக விளங்கிய தி. ஞானசேகரனின் 'குருதிமலை' 1979 இல் வந்தது. தொழிலாளரின் தோட்ட நிலத்தைப் பறிக்க முனைந்தபோது அவர்கள் எதிர்த்து நின்றதை அது சித்தரிக்கின்றது.

ஆறாவதாக, தலாத்துஓயாவில் வாழ்ந்த கே. கணேஷின் மொழிபெயர்ப்பு ஒன்று. முல்க்ராஜ் ஆனந்தின் நாவலை 'தீண்டாதான்' என்று 1947 இல் தமிழுக்குத் தந்தவர் அவர். கண்டிச் சீமையின் ஒரு சிற்றூரில் இருந்துகொண்டே உலக இலக்கியத்தோடு உறவாட முடியும் என்பதற்கு அவரது வாழ்வே சான்று.

"பரீட்சைக்கு வராத நூலைப் பிள்ளை ஏன் படிக்க வேண்டும்?" என்று பெற்றோர் கேட்பதுண்டு. புலமைப்பரிசில், சாதாரண தரம், உயர்தரம் என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும் பரீட்சைகளைக் காணும்போது அவர்களது கவலை நமக்கும் புரிகின்றது. ஆயினும், நாளுக்கு ஒன்பது பக்கங்கள் எந்தப் பரீட்சையையும் கெடுத்துவிடா. தன் குடும்பம் எவ்வாறு இம்மண்ணுக்கு வந்தது என்பதை அறியாத பிள்ளை எத்தனை சித்திகள் பெற்றாலும் அவனது கல்வியில் ஒரு குறை இருக்கவே செய்யும்.

1981 ஆம் ஆண்டு யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. அதனை நினைந்து இன்றும் நாம் வருந்துகின்றோம். ஆனால் நெருப்பின்றியே மறைந்துபோகும் நூல்களும் உண்டு. கேட்பார் இல்லையென்றால் எந்தப் பதிப்பாளரும் ஒரு நூலை மீண்டும் அச்சிடமாட்டார். நம் மலையின் நூல்களை நாமே கேளாவிடின் வேறு யார் கேட்பார்?

நகர நூலகத்தில் இவற்றைக் கேளுங்கள்; இல்லையெனில் தருவிக்குமாறு கோருங்கள். 2005 இல் தொடங்கப்பெற்ற 'நூலகம்' என்னும் இணைய நூலகத்தில் ஈழத்துப் பழைய நூல்கள் பலவற்றை இலவசமாகவே படிக்கலாம்.

முடிவாக, வீட்டாருக்கு இரண்டு யோசனைகள் கூறுகின்றோம். முதலாவது, ஓர் அப்பியாசக் கொப்பி. படித்த நூலின் பெயர், முடித்த நாள், மனத்தில் நின்ற செய்தி பற்றி மூன்று வரிகள் ஆகியவற்றை அதில் எழுதி வரலாம். இரண்டாவது, உரக்க வாசித்தல். முற்காலத்தில் தோட்ட லயங்களில் பெரிய எழுத்துப் புத்தகங்களை ஒருவர் படிக்கப் பலர் சூழ்ந்திருந்து கேட்பர். எழுத்தறியாத முதியோரும் அவ்வகையால் கதையறிவு பெற்றிருந்தனர். வாரத்தில் ஓர் இரவேனும் பிள்ளை படிக்க, பாட்டி கேட்கட்டும். 'தூரத்துப் பச்சை'யின் ஓர் அத்தியாயம் முடிந்ததும், நூலில் இல்லாத ஒரு கதையைப் பாட்டியே சொல்லத் தொடங்கக்கூடும். அதனையும் அக்கொப்பியில் எழுதி வையுங்கள்.