வீட்டுப் பட்டறை: கிறீச் என்றால் கவனியுங்கள்!

"வண்டியின் பிரேக்குக்கும் அடுப்பங்கரைக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்பீர்கள். மணலிச் சகோதரிகளைக் கேட்டுப் பாருங்கள், சொல்வார்கள்! அங்கே எத்தனையோ வீடுகளில் சோறு போடுவதே வாசலில் நிற்கும் சின்னப் பிக்கப் வண்டிதான். விடியற்காலையில் காசிமேட்டு மீன், பகலில் தண்ணீர் கேன், சாயங்காலம் யாரோ வீடு மாறினால் கட்டிலும் பீரோவும். 2005-இல் வந்த டாட்டா ஏஸுக்கு நம் ஜனங்கள் 'குட்டி யானை' என்று செல்லப் பெயரே வைத்துவிட்டார்கள். துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஓடும் அந்த யானைக்கு அங்குசம், பிரேக்தான்.

பின் சக்கரத்தோடு கவிழ்த்த சட்டி போல ஓர் இரும்பு டிரம் சுழல்கிறது. உள்ளே பிறைச் சந்திரன் மாதிரி இரண்டு துண்டுகள்; அவைதாம் ஷூ. அவற்றின் முதுகில் இருக்கும் கெட்டிப் பட்டை, லைனிங். பெடலை அழுத்தினால் இரண்டு பிறையும் விரிந்து டிரம்மை உராய்ந்து நிறுத்துகின்றன. 1902-இல் பிரான்சின் லூயி ரெனோ கண்ட யுக்தி இது.

லைனிங் தேய்ந்தால் வண்டியே சொல்லிவிடும். பெடல் வழக்கத்தைவிடக் கீழே போகும். ஹேண்ட் பிரேக்கை அதிகம் இழுக்க வேண்டியிருக்கும். கடைசியில் 'கிறீச்' என்று இரும்போடு இரும்பு உரசும். அதுவரை காத்திருந்தால் டிரம்மும் போயிற்று!

ஷூ மாற்றுவது, வேலை தெரிந்த கை இருந்தால், வீட்டு வாசலிலேயே ஆகக்கூடிய காரியம். ஆனால் சமமான தரை வேண்டும். ஹேண்ட் பிரேக்கைத் தளர்த்தினால்தான் டிரம் கழலும். ஆகையால் முன் சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை வைத்தாக வேண்டும். சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளை இளக்கிவிட்டு, பிறகு தூக்குவது. ஜாக்கி தூக்குவதற்கு மட்டுமே, தாங்குவதற்கு அல்ல! ஆக்ஸிலுக்கு அடியில் இரும்பு ஸ்டாண்டு இல்லாமல் யாரையும் வேலை செய்ய விடாதீர்கள். செங்கல் அடுக்கும் சாமர்த்தியம் வேண்டவே வேண்டாம்.

இனி, இல்லத்தரசிகள் கண்டிப்பாயிருக்க வேண்டிய இடம். டிரம்மைக் கழற்றியதும் உள்ளே கறுப்புத் தூசி இருக்கும். பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். அந்த இழை நுரையீரலில் தங்கினால், பல வருஷம் கழித்துப் புற்றுநோயாகக்கூட முடியும். வாயால் ஊதக் கூடாது, காற்றடிக்கக் கூடாது, துடைப்பத்தால் பெருக்கவும் கூடாது. சோப்புத் தண்ணீர் தெளித்து, ஈரத் துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டி எறிய வேண்டும். குழந்தைகள் அருகே வேண்டாம். வேலை செய்தவரின் சட்டையை உதறாமல் தனியாக ஊறவையுங்கள்.

ஒரு சமயத்தில் ஒரு சக்கரத்தை மட்டும் பிரிப்பது நல்லது. எந்த ஸ்பிரிங் எங்கே என்ற குழப்பம் வந்தால் மறுபக்கம் போய்ப் பார்த்துக் கொள்ளலாமே! கழற்றுமுன் செல்போனில் ஒரு படமும் எடுத்துக் கொடுங்கள். டிரம் கழன்றிருக்கும்போது யாரும் பெடலை மிதிக்கக் கூடாது. சிலிண்டரின் பிஸ்டன் வெளியே வந்துவிடும். புது லைனிங்கில் எண்ணெய்க் கையே படக் கூடாது. ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். எனவே இரு பக்கமும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

சிலிண்டரில் எண்ணெய்க் கசிவோ, டிரம்மில் ஆழமான பள்ளமோ தெரிந்தால் பிடிவாதம் பிடிக்காமல் மெக்கானிக்கை அழையுங்கள். பாடியிலும் அம்பத்தூரிலும் பிரேக் சாமான் செய்யும் பெரிய தொழிற்சாலைகள் உள்ள ஊர் நம்முடையது. மலிவு என்று போலிச் சரக்கு வாங்குவானேன்? 'ஆஸ்பெஸ்டாஸ் இல்லாதது' என்று பெட்டியில் அச்சிட்டிருக்கிறதா பாருங்கள்.

எல்லாம் முடிந்ததும் பெடலைப் பல தடவை மிதித்து, கெட்டியாக நிற்கிறதா என்று பார்த்த பிறகே வண்டியை நகர்த்த வேண்டும். முதல் ஓட்டம் பாரமில்லாமல், மெதுவாக, தெருவுக்குள். சிறிது தூரம் ஓடியதும் நட்டுகளை மறுபடி இறுக்கச் சொல்லுங்கள்.

அன்றைக்கு ஒரு நடை வாடகை போனால் போகட்டும். அவசரம் என்று பாதி வேலையோடு வண்டியை எடுக்க வந்தால், சாவியை நீங்கள் வைத்துக் கொள்ளுங்கள்!