ஒரு மணித்தியால வானம்

கடந்த வருட இதழில் என் முதல் கட்டுரை வந்தபோது எங்கள் வீட்டில் இரண்டு விதமான பேச்சு நடந்தது. வாப்பா அந்த இதழைக் கடைக்குக் கொண்டு போய்க் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். மாலையில் தோட்டத்திலிருந்து சாமான் வாங்க வந்தவர்களுக்கெல்லாம் பக்கத்தைத் திறந்து காட்டினாராம். மாமி ஒருவர் மட்டும் உம்மாவிடம் கேட்டார்: "அதெல்லாம் சரி, குமர்ப் புள்ள ராவில வெளிய நின்டு வானத்தப் பாக்குறா எண்டு ஊரு சொன்னா நல்லாவா இருக்கும்?"

உம்மா பதில் சொல்லவில்லை. நானும் தேத்தண்ணிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். அன்று சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

லிந்துலையில் இருப்பவர்களுக்கு எங்கள் வானத்தைத் தெரியும். வைகாசியில் தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கினால் பல நாட்களுக்கு வானம் என்ற ஒன்றே கிடையாது; மூட்டம்தான். பிறை பார்க்க வெளியே வருபவர்கள் மேற்கே ஒரு முறை பார்த்துவிட்டு வானொலிக்குத் திரும்பிவிடுவார்கள். ஆனால் தை, மாசியில் பனி விழும் இரவுகளில் மேகம் விலகும். அப்போது தெற்கே, மலைக்கு மேலே ஒரு வெள்ளை நட்சத்திரம் தனியாக நிற்கும். தமிழர் அதற்கு அகத்தியர் என்று பெயர் வைத்தார்கள், அரபிகள் சுஹைல் என்றார்கள். என் கட்டுரை அதைப் பற்றியதுதான். அது சுமார் 310 ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது. இன்று நம் கண்ணில் படும் அந்த ஒளி புறப்பட்டபோது இந்த மலைகளில் தேயிலையும் இல்லை, லயமும் இல்லை. துருவ நட்சத்திரத்தை மட்டும் நான் ஒரு நாளும் கண்டதில்லை. நம் ஊருக்கு அது அடிவானத்திலிருந்து ஏழு பாகை உயரத்தில்தான் நிற்கும். வடக்கில் உள்ள மலை அதை மறைத்துவிடுகிறது.

வானத்தைப் பார்த்து என்ன கிடைக்கும் என்று கேட்பவர்களுக்கு, சென்னையில் படித்த ஒரு மாணவனைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன். சுப்பிரமணியன் சந்திரசேகர் 1910இல் லாகூரில் பிறந்தவர், வளர்ந்தது சென்னையில். மாநிலக் கல்லூரியில் பௌதிகவியல் படித்துக்கொண்டிருந்த 1928இல் ஜேர்மனிய விஞ்ஞானி ஆர்னோல்ட் சொமர்ஃபெல்ட் சென்னைக்கு வந்தார். அவருடைய புத்தகத்தை முழுவதும் படித்திருந்த சந்திரசேகர் அவர் தங்கியிருந்த ஹோட்டலுக்கே போய்விட்டார். நீ படித்த பௌதிகம் பழையதாகிவிட்டது என்று சொமர்ஃபெல்ட் சொன்னதும் அந்த இளைஞனுக்கு எப்படி இருந்திருக்கும்? ஆனால் அவர் அத்தோடு அனுப்பிவிடவில்லை. உலோகங்களில் இலத்திரன்கள் நடந்துகொள்ளும் விதம் பற்றித் தான் எழுதி, இன்னும் வெளிவராமல் இருந்த கட்டுரையின் அச்சுப்படியைக் கையில் கொடுத்தார்.

அந்த வருடமே சந்திரசேகரின் முதல் ஆய்வுக் கட்டுரை இந்திய பௌதிகவியல் சஞ்சிகையில் வந்தது. விண்மீன்களின் உட்பகுதி சம்பந்தப்பட்ட கட்டுரை அது. அடுத்ததை அவர் கேம்பிரிட்ஜில் இருந்த ஃபௌலர் என்ற பேராசிரியருக்குத் தபாலில் அனுப்பினார். முன்பின் தெரியாதவர். அவருடைய கட்டுரை ஒன்றைப் படித்திருந்தார், அவ்வளவுதான். ஃபௌலர் அதை வாசித்து, சில இடங்களைத் திருத்தச் சொல்லிப் பதில் எழுதினார். 1929இல் அது இலண்டன் றோயல் சங்கத்தின் வெளியீட்டில் அச்சானது. மறு வருடம் ஜூலை 31ஆம் திகதி பம்பாயில் கப்பலேறியபோது சந்திரசேகருக்குப் பத்தொன்பது வயது. அந்தக் கடற்பயணத்தில் போட்ட கணக்குத்தான், சூரியனைப் போல் சுமார் 1.4 மடங்குக்கு மேல் நிறையுள்ள ஒரு வெண்குறுமீன் நிலைத்திருக்க முடியாது என்ற முடிவுக்கு அவரைக் கொண்டுபோனது. அதைப் பெரியவர்கள் ஏற்றுக்கொள்ளவில்லை. 1935இல் இலண்டனில் நடந்த கூட்டத்தில் எடிங்டன் எல்லோர் முன்னாலும் கேலி செய்தார். இந்த எடிங்டனின் புத்தகத்தைத்தான் சந்திரசேகர் கல்லூரியில் பரிசாகப் பெற்றிருந்தார்! நோபல் பரிசு கிடைத்தது 1983இல்.

இதைச் சொன்னவுடன் என் தோழி ஒருத்தி, "அவருடைய சாச்சா சேர் சி. வி. இராமன், நமக்கு யார் இருக்கிறார்கள்?" என்றாள். நியாயமான கேள்வி. வீட்டில் புத்தகங்கள் இருந்தன, சித்தப்பாவின் ஆய்வுகூடம் கல்கத்தாவில் இருந்தது. தோட்டப்புறப் பாடசாலையில் ஏ.எல். பௌதிகவியலுக்கு ஆசிரியர் தேடி அலையும் பிள்ளையோடு அவரை ஒப்பிட முடியாது. ஆனால் அவருக்குக் கிடைத்தவற்றில் காசு செலவில்லாதவையும் இருந்தன. பெயர் பெற்ற ஒருவர் ஒரு மாணவனை உட்கார வைத்துப் பேசினார். இன்னொருவர் தெரியாத ஒரு பையனின் கட்டுரையை மூலையில் போடாமல் வாசித்தார். தகப்பனார் அரசாங்க உத்தியோகப் பரீட்சைக்குப் போகச் சொன்னபோது, தாயார் சீதாலட்சுமி மகன் விரும்பியதைப் படிக்கட்டும் என்று நின்றார். பள்ளிப் படிப்பு அதிகம் இல்லாதவர் அவர். தானாக ஆங்கிலம் கற்று இப்சனின் 'பொம்மை வீடு' நாடகத்தைத் தமிழாக்கியவர். மகன் கப்பலேறும்போது கடும் நோயாளியாக இருந்தும் போகச் சொன்னார். அடுத்த வருடம் அவர் இறந்தபோது மகன் இங்கிலாந்தில் இருந்தார்.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது வேறொரு பெயர். அதே கல்லூரியில் சந்திரசேகருக்கு ஒரு வகுப்புக் கீழே லலிதா துரைசாமி என்ற மாணவி அதே பௌதிகவியலைப் படித்தார். பட்டம் பெற்று ஆசிரியராகவும் இருந்து, பெங்களூரில் இராமனின் ஆய்வுகூடத்துக்கும் போனார். 1936இல் சந்திரசேகரைத் திருமணம் செய்துகொண்ட பின் ஆய்வைத் தொடரவில்லை. அவர் அதை இழப்பாக நினைத்தாரா இல்லையா என்று தீர்ப்புச் சொல்ல நான் யார்? ஆனாலும் அந்தக் கணவரின் பெயர் விண்வெளித் தொலைகாட்டிக்கே வைக்கப்பட்டிருக்கிறது என்று படிக்கும்போது, லலிதா எழுதியிருக்கக்கூடிய கட்டுரைகளைப் பற்றி நினைக்காமல் இருக்க முடியவில்லை.

நம் சமூகத்துக்கு வானம் அந்நியமானதல்ல. அல்-பிரூனி 990இல், பதினேழு வயதில், சூரியனின் உச்சி உயரத்தை அளந்து தன் ஊர் காத்தின் அகலாங்கைக் கணித்தார். பத்தாம் நூற்றாண்டில் அலெப்போவின் ஆட்சியாளர் சைஃபுத் தௌலாவிடம் உஸ்துர்லாப் என்ற வானியல் கருவி செய்யும் ஒரு பெண் இருந்ததாக இப்னு நதீம் எழுதியிருக்கிறார். அவர் பெயரை எழுதாமல், இஜ்லியின் மகள் என்று மட்டும் குறித்திருக்கிறார் (அப்போதும் அப்படித்தான் போலும்). சுரையா என்று பெயர் வைக்கிறோமே, அது கார்த்திகைக் கூட்டத்தின் பெயர். அதன் பின்னாலேயே வரும் சிவப்பு நட்சத்திரத்துக்கு, பின்தொடர்வது என்ற பொருளில் அல்-தபரான் என்று பெயர்; நம் ரோகிணி. எத்தனை சுரையாக்கள் சுரையாவைப் பார்த்திருப்பார்கள்?

பெற்றோரின் பயத்தை நான் சிறிதாக நினைக்கவில்லை. தேயிலை மலைக்குள் சிறுத்தை வருவது கதையல்ல. மனிதர்களைப் பற்றிய பயமும் கற்பனையல்ல. பரீட்சையும் இருக்கிறது. ஆனால் பயத்துக்கு மருந்து பிள்ளையை உள்ளே வைத்துக் கதவைப் பூட்டுவது மட்டும்தானா? கூட ஒருவர் வந்து நிற்கலாமே. எங்கள் வீட்டுக் கொங்கிரீட் தட்டில் ஏறி நிற்க வாப்பா கொடுத்தது இஷாவுக்குப் பிறகு ஒரு மணித்தியாலம். அதற்குள்ளேதான் என் கட்டுரை முழுவதும் கிடைத்தது. தொலைகாட்டி எங்களிடம் இல்லை. வெறுங்கண்ணும், வெளிச்சம் குறைய சிவப்புத் தாள் சுற்றிய ஒரு டோர்ச்சும்தான்.

இதழ்க் குழுவிடமும் ஒரு வார்த்தை. நிலவைப் பற்றி நம் இதழில் வராத வருடமே இல்லை. கடந்த முறை ஒரு கவிதையில் பௌர்ணமி நிலவு நள்ளிரவில் உதித்தது. பௌர்ணமி அன்று நிலவு சூரியன் மறையும் வேளையில் உதித்துவிடும் என்று அந்தத் தோழிக்குச் சொன்னபோது, "கவிதைதானே!" என்று சிரித்தாள். கவிதைகள் வரட்டும். இரண்டு பக்கத்தை மட்டும், தான் கண்ணால் பார்த்து எழுதும் பிள்ளைகளுக்கு ஒதுக்குங்கள். வானம் மட்டுமில்லை, கொழுந்து, அட்டை, ஆறு எதுவானாலும் சரி. எழுதியதைத் தயவு செய்து திருத்துங்கள். முதலில் நான் ஒரு பத்திரிகையின் சிறுவர் பக்கத்துக்கு அனுப்பியபோது பதிலே வரவில்லை. இங்கே தமிழ் டீச்சர் பதினேழு இடத்தில் சிவப்பு மையால் கோடு போட்டுத் திருப்பித் தந்தார். அன்றிரவு அழுதேன். அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன்.

தை பிறக்கிறது. இந்த முறை உம்மாவும் சால்வையைப் போர்த்திக்கொண்டு மேலே வருவதாகச் சொல்லியிருக்கிறார். மாமியையும் கூப்பிட்டிருக்கிறோம்.