கத்திரி வெயிலும் கறுப்புக் கண்ணாடியும்

போன மே மாசம் ஒரு கல்யாணத்துக்காக வேலூர் போயிருந்தேன். வேலூர் வெயிலைப் பத்தி நான் புதுசா சொல்ல ஒண்ணுமில்லை. மத்தியானம் ஒரு மணி, ரோட்டோரம் ஒரு பாட்டி நுங்கு வித்துக்கிட்டிருந்தாங்க. வாங்கிச் சாப்பிட்டுட்டு, க்யூ.ஆர். அட்டையை ஸ்கேன் பண்ணி நாப்பது ரூபாய் போட்டேன். போட்டதா நெனச்சேன். திரையில தெரிஞ்சதெல்லாம் என் மூஞ்சியும், என் வெள்ளைச் சட்டையும்தான்.

பாட்டி பக்கத்துல இருந்த பொட்டி சத்தமா "நானூறு ரூபாய் பெறப்பட்டது"ன்னு சொல்லிச்சு.

"இன்னா தம்பி, நானூறு போட்டுட்ட?"ன்னு சொல்லி, சுருக்குப் பையிலேர்ந்து முந்நூத்தி அறுபது ரூபாயை எண்ணிக் கையில வெச்சாங்க. "எனக்கும் இந்த வெயில்ல போன்ல ஒண்ணும் தெரியாதுப்பா. பொட்டி கத்துனாத்தான் துட்டு வந்துச்சின்னு தெரியும்."

யோசிச்சுப் பாருங்க மக்களே. ஆயிரக்கணக்குல ரூபாய் கொடுத்து வாங்கின போன் வெயில்ல உபயோகமில்லைன்னு ஆன எடத்துல, சத்தம் போடற ஒரு பிளாஸ்டிக் பொட்டிதான் வேலை செய்யுது. அந்தப் பாட்டி நேர்மையானவங்க, அதனால என் காசு திரும்பி வந்துச்சு. அது என் அதிர்ஷ்டம், போனோட சாமர்த்தியம் இல்லை.

இதை என் சித்தப்பா பையன் கிட்ட சொன்னேன். அவன் பார்சல் டெலிவரி பண்றவன். சிரிச்சான். "அண்ணே, உங்களுக்கு ஒரு நாளு. எனக்கு தெனம் இதான் பொழப்பே. வண்டியை நிறுத்தி, கர்சீப்பைத் தலையில போட்டு, அதுக்குள்ள போனை வெச்சிப் பாப்பேன். சூடு ஏறுனா போனே வெளிச்சத்தைக் கொறச்சிக்கும், அப்ப சுத்தமா தெரியாது. தப்பான தெருவுக்குப் போயிட்டா லேட்டுன்னு என் கணக்குலதான் எழுதுவாங்க."

அன்னிக்கு ராத்திரியே இந்தப் பதிவை எழுதணும்னு முடிவு பண்ணிட்டேன்.

கம்பெனிக்காரங்க இதுக்கு வெச்சிருக்கிற முக்கியமான பதில், வெளிச்சத்தைக் கூட்டறது. திரை வெளிச்சத்தை 'நிட்ஸ்'னு ஒரு அளவுல சொல்வாங்க. ஒரு காலத்துல 300, 500 இருந்தது. 2022ல வந்த ஐபோன் 14 ப்ரோ, வெளியில 2000 வரைக்கும் போகும்னு சொன்னாங்க. அதுக்கப்புறம் ஆளாளுக்கு அதைவிடப் பெரிய நம்பரா போட்டுக்கிட்டு இருக்காங்க. இந்தப் போட்டியே தப்பான போட்டிங்கறது என் கட்சி. ஏன்னு ஒரு சின்ன கணக்கு போட்டுக் காட்டறேன், பயப்படாம வாங்க. கூட்டல், வகுத்தல் மட்டும்தான் :-)

ட்யூப்லைட் போட்ட ஆபீஸ்ல வெளிச்சம் சுமார் 300லேர்ந்து 500 லக்ஸ். உச்சி வெயில்ல அது 1 லட்சம் லக்ஸ். அந்த வெயில்ல நிக்கிற வெள்ளைச் சட்டை சுமார் 25,000 நிட்ஸ் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும். சாதாரணக் கண்ணாடி தன் மேல விழறதுல சுமார் 4 சதவீதத்தை எதிரொளிக்கும். அப்படின்னா என் சட்டையோட பிம்பம் மட்டுமே போன் திரையில 1000 நிட்ஸ்!

இப்ப என் போன் 500 நிட்ஸ்னு வெச்சுக்குங்க. எழுத்து இருக்கிற கறுப்பு எடம் 1000, வெள்ளை எடம் 1500. ரெண்டுக்கும் விகிதம் வெறும் ஒண்ணரை. படிக்க வசதியா இருக்கணும்னா குறைஞ்சது 4.5 வேணும்னு வலைப்பக்கங்களுக்கான அணுகல் விதிகள் சொல்லுது. சரி, 2000 நிட்ஸ் போன் வாங்கறேன். 3000க்கு 1000. விகிதம் மூணு. இன்னும் பாஸ் மார்க் வரலை, பேட்டரியும் காலி, போனும் தோசைக்கல்!

இப்ப வேற வழி. கண்ணாடியோட எதிரொளிப்பை 4 சதவீதத்துலேர்ந்து 1 ஆக்குங்க. பிம்பம் 250தான். என் பழைய 500 நிட்ஸ் போனே விகிதம் மூணு காட்டும், பேட்டரி கூடுதலா செலவழிக்காம. 1000 நிட்ஸ் போன்னா அஞ்சு. பாஸ்!

இது ஒண்ணும் ராக்கெட் விஞ்ஞானம் இல்லீங்க. மூக்குக் கண்ணாடிக் கடைக்குப் போனா "சார், ஏ.ஆர். கோட்டிங் போட்டுடலாமா?"ன்னு கேப்பாங்களே, அதே எதிரொளிப்புத் தடுப்புப் பூச்சுதான். போன்ல 2024லதான் இது பெருசா பேசப்பட்டது. சாம்சங் எஸ்24 அல்ட்ராவுக்குக் கண்ணாடி செஞ்ச கார்னிங், எதிரொளிப்பை 75 சதவீதம் வரைக்கும் குறைச்சிருக்கோம்னு சொன்னாங்க. ஆனா அது வந்தப்ப லட்ச ரூபாய்க்கு மேல வித்த போன். ஏ.சி. கார்ல போறவனுக்கு அந்தக் கண்ணாடி, வெயில்ல வண்டி ஓட்டற என் தம்பிக்கு கர்சீப்பு.

இன்னொரு வழியும் இருக்கு. வெயிலோட சண்டை போடாம, வெயிலையே விளக்கா மாத்திக்கறது. பேப்பர் அப்படித்தானே வேலை செய்யுது? வெயில் ஏற ஏற நல்லா தெரியும். 2003ல வந்த நோக்கியா 1100 ஞாபகம் இருக்கா? அந்தக் கறுப்பு வெள்ளைத் திரை நடு வயல்ல நின்னாலும் தெரியும். 2007ல ஏழை நாட்டுக் குழந்தைகளுக்காக வந்த '100 டாலர் லேப்டாப்' (விலை கடைசியில கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு ஆயிடுச்சு, அது வேற கதை) இதையே அழகா பண்ணிச்சு. மேரி லூ ஜெப்சன் வடிவமைச்ச திரை அது. வீட்டுக்குள்ள கலர்ல தெரியும். மரத்தடிப் பள்ளிக்கூடத்துல பின் விளக்கை அணைச்சிட்டா, வெயிலை வெச்சே கறுப்பு வெள்ளையில பளிச்சுனு படிக்கலாம். அதே வருஷம் வந்த கிண்டிலும் வெயிலை எதிரொளிச்சுக் காட்டற மின்தாள்தான். ஆனா திரை மாற நேரமாகும், வீடியோவுக்கு ஆகாது. கடையில பக்கத்துல பக்கத்துல வெச்சா கலர் பளபளப்புதான் ஜெயிக்கும். கடைக்குள்ள வெயில் இல்லையே! அங்கதான் தோத்துட்டோம்.

என் கோரிக்கை ஒண்ணே ஒண்ணு. போன் அட்டைப் பெட்டியில நிட்ஸ் போடறீங்களே, பக்கத்துலயே கண்ணாடி எத்தனை சதவீதம் எதிரொளிக்கும்னும் போடுங்க. நம்பர் தெரிஞ்சா ஜனங்க கேப்பாங்க, கேட்டா பத்தாயிரம் ரூபாய் போனுக்கும் ஒரு நாள் வரும். பணம் அனுப்பற ஆப் செய்யறவங்களுக்கும் ஒண்ணு: பின் நம்பர் போடறதுக்கு முன்னாடி தொகையைப் பெரிய எழுத்துல காட்டுங்க, முடிஞ்சா வாயால சொல்லுங்க. பாட்டியோட பொட்டி பணம் போனப்புறம் சொல்றதை, போறதுக்கு முன்னாடி என் போன் சொல்லக் கூடாதா?

அதுவரைக்கும் நாம செய்யக் கூடியது: திரையில எது பிரதிபலிக்குதுன்னு பாருங்க. வானமோ வெள்ளைச் சட்டையோ இல்லாம, மர நிழல் மாதிரி இருட்டான ஏதாவது பிரதிபலிக்கிற மாதிரி போனைச் சாய்ச்சுப் பாருங்க. கறுப்புக் குடையோட உள்பக்கம் பிரமாதம். டார்க் மோடை அணைச்சிடுங்க, கறுப்புப் பின்னணியிலதான் பிம்பம் நல்லா தெரியும். நல்ல பூச்சு இருக்கிற போன் மேல மலிவான டெம்பர் கிளாஸ் ஒட்டினா பூச்சுக்குக் கொடுத்த காசு வேஸ்ட். போலராய்ட் கூலிங் கிளாஸ் போட்டுத் திரை இருட்டாத் தெரிஞ்சா, போனைக் குறுக்கே திருப்பிப் பாருங்க.

கடைசியா, நம்ம வலைப்பதிவர் ஜாதிக்கு. கறுப்புப் பின்னணியில சாம்பல் கலர்ல பொடி எழுத்துல டெம்ப்ளேட் வெச்சிருக்கற நண்பர்களே, உங்க பதிவை பஸ் ஸ்டாண்டுல நின்னு ஒருத்தர் படிக்க முயற்சி பண்ணிக்கிட்டிருக்கார். கொஞ்சம் கருணை காட்டுங்க. நானும் அப்படித்தான் வெச்சிருந்தேன். நேத்துதான் வெள்ளைக்கு மாத்தினேன், எழுத்தையும் பெருசாக்கினேன். வெயில்ல நின்னு படிச்சுப் பார்த்துட்டு பின்னூட்டத்துல சொல்லுங்க.

பி.கு.: தம்பிக்கு ஒரு கறுப்புக் குடை வாங்கிக் கொடுத்தேன். "வண்டி ஓட்டிக்கிட்டே எப்படிண்ணே குடை பிடிக்கறது?"ன்னு கேட்டான். நியாயமான கேள்வி. பதில் என் கிட்ட இல்லை, போன் செய்யறவங்க கிட்ட இருக்கு.